சப்பாத்து வாங்க ட்ரினிடாட்டுக்குப் போன றீற்றா

றீற்றாவுக்கு நான்கு வயதில் போலியோ வந்தது. காய்ச்சல் இரண்டு கிழமையில் போய்விட்டது. இடது கால் மட்டும் அதன்பிறகு வலது காலோடு சேர்ந்து வளரவில்லை. நாற்பத்துநான்கு வயதில் அந்தக் கால் மற்றதைவிட ஓர் அங்குலம் கட்டை. பாதம் இரண்டு சைஸ் சின்னது.

மன்னாரில் இருக்கும்வரை வீட்டுக்குள் வெறுங்கால், வெளியில் ரப்பர் செருப்பு என்று காலம் போய்விட்டது. எண்பத்தேழில் கணவன் எட்வேட்டோடும் மகள் செரீனாவோடும் ஸ்காபரோவுக்கு வந்து இறங்கிய பிறகுதான் சப்பாத்து ஒரு பெரிய பிரச்சினையானது. பனிக்காலத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரே சப்பாத்தில் ஆறாம் சைஸில் ஒரு சோடியும் எட்டாம் சைஸில் ஒரு சோடியும் வாங்க வேண்டும். மிஞ்சுகிற இரண்டையும் எறிய மனம் வராது. மல்வேர்னில் அவர்கள் வாடகைக்கு இருந்த அப்பார்ட்மென்டில் கட்டிலுக்குக் கீழே முழுக்க வலது கால் சின்னதும் இடது கால் பெரியதுமாய்க் கிடந்தன. அப்படிக் கால் உள்ள ஒருத்தி எங்காவது இருந்தால் கொடுத்துவிடலாம் என்று அவள் சொல்வாள். எட்வேட் சிரிப்பான். அவள் பகிடிக்குச் சொல்வதில்லை.

பிறகு வைத்தியசாலையில் அளவெடுத்து ஒரு சோடி செய்து கொடுத்தார்கள். கறுப்பு நிறம், பெட்டி போன்ற உருவம், இடதுக்கு அடியில் அரை அங்குலம் கூடுதலாய் ரப்பர். கால் நோ குறைந்தது. அதில் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் றீற்றா உடுப்பு விஷயத்தில் கண் உள்ள பெண். தன் சட்டைகளைத் தானே தைப்பாள். மாதா கோவிலுக்கு வருகிறவர்களில் ஆர் சேலை எடுக்கப் போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். நீலத்துக்கு எந்தக் கரை எடுக்கும், கறுத்த பிள்ளைக்கு எந்த மஞ்சள் எடுக்கும் என்று தயங்காமல் சொல்வாள். அப்படிப்பட்டவளின் பட்டுச் சேலைக்குக் கீழே அந்தக் கறுப்புப் பெட்டி இரண்டும் எட்டிப் பார்க்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு அரைமணி நேரம் முந்தியே போய் முன்வரிசை வாங்கில் இருந்துவிடுவாள். எல்லோரும் போன பிறகுதான் எழும்புவாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு புரட்டாதியில் செரீனாவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை யூனியன்வில்லில் இருக்கும் பெடியன், அவனும் மன்னார் ஆள்தான். அடுத்த ஆடியில் கலியாணம் என்று நாள் வைத்தார்கள். அன்றைக்கு மகள் சொன்னாள்:

“அம்மா, நீங்களும் அப்பாவும் ரெண்டு பக்கமும் நிண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும். நீங்கள் முதலே போய் முன்னுக்கு இருக்கேலாது.”

“அப்பா கூட்டிக்கொண்டு வருவார்தானே பிள்ளை.”

“நோ. ரெண்டு பேரும். இல்லாட்டி நான் நடக்கமாட்டன், ஐ மீன் இற்.”

கோவில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் எத்தனை வாங்கு இருக்கிறது என்று றீற்றாவுக்குத் தெரியும். இருபத்தாறு. அந்த இருபத்தாறு வாங்கிலும் இருந்து ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மகள் ஆசையாகத்தான் கேட்கிறாளா, பிடிவாதத்தில் கேட்கிறாளா என்றுகூட அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

அந்த மாதம்தான் அவள் வேலை செய்த மஃபின் பேக்டரிக்கு மார்லின் வந்து சேர்ந்தாள். பெட்டி கட்டும் வரிசையில் றீற்றாவுக்குப் பக்கத்தில் அவளை விட்டார்கள். முகத்தைப் பார்த்தால் எங்கள் ஆள். நேரம் அடிக்கிற அட்டையில் பெயரைப் பார்த்தால் மார்லின் வீராசாமி. றீற்றாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

“நீங்கள் ஊரிலை எவடம்?” என்று கேட்டாள்.

மார்லின் திரும்பிப் பார்த்து, கையுறை போட்ட கையால் தலையில் இருந்த வலையைச் சரிசெய்துகொண்டு, “என்ன சொன்னாய் டார்லிங்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த ஆங்கிலம் பாட்டுப் போல ஏறி இறங்கியது. றீற்றா இன்னும் கொஞ்சம் சத்தமாக அதையே கேட்டாள். மார்லின் இன்னும் கொஞ்சம் சத்தமாக அதையே திருப்பிக் கேட்டாள். மேற்பார்வைக்காரன் வந்து என்ன சண்டை என்று விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. மார்லினுடைய பாட்டனுக்குப் பாட்டன் மதராஸில் கப்பல் ஏறி ட்ரினிடாட்டுக்குக் கரும்பு வெட்டப் போனவராம். தமிழில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் தன்னுடைய பெயர்தான். அதுவும் தமிழ் என்று அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அன்று வேலை முடிந்து உடுப்பு மாற்றுகிற அறையில் மார்லின் சப்பாத்து மாட்டும்போது றீற்றா பார்த்தாள். பார்த்த பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை. பழுத்த நாவற்பழ நிறத்தில் தோல். முன்பக்கம் மெல்லிய வார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போயிருந்தன. குதி உயரமுமில்லை, தட்டையுமில்லை. தையல் ஒவ்வொன்றும் அளந்து வைத்ததுபோல் இருந்தது. தையல் தெரிந்தவளுக்கு அது எத்தனை நாள் வேலை என்று விளங்கும்.

“எங்கை வாங்கினீர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“வீட்டில்தான்,” என்றாள் மார்லின்.

சனிக்கிழமை காலை றீற்றா பஸ் எடுத்து மார்க்கம் றோட்டில் மார்லின் இருந்த மாடிக் கட்டடத்துக்குப் போய்க் கதவைத் தட்டினாள். மார்லின் இரவு உடுப்போடு கதவைத் திறந்தாள். றீற்றா உள்ளே வந்து சோபாவில் இருந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிவரப் பார்த்தாள். சப்பாத்துக் கடைக்குரிய அடையாளம் ஒன்றும் இல்லை. மார்லின் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு சாப்பாடு கொடுத்தாள். இரண்டு மணித்தியாலம் மழையைப் பற்றியும் மேற்பார்வைக்காரனைப் பற்றியும் கதைத்தார்கள். ஏன் வந்தாய் என்று கேட்பது மரியாதை இல்லை என்று மார்லின் நினைத்துக்கொண்டிருந்தாள். எப்போது சப்பாத்தை எடுத்துக் காட்டுவாள் என்று றீற்றா காத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், “மற்ற அறைக்குள்ளையோ வைச்சிருக்கிறீர்?” என்று கேட்டாள்.

“எதை?”

“சப்பாத்துகளை.”

மார்லின் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். அவள் வீடு என்று சொன்னது ட்ரினிடாட்டை. பத்து வருஷம் ஸ்காபரோவில் இருந்தும் அவளுக்கு வீடென்றால் அதுதான். சான் பெர்னாண்டோ என்ற ஊரில், அவள் அம்மா வீட்டுக்குக் கிட்ட, ஜோ என்று ஒருவர் கையால் செய்கிற சப்பாத்து அது. “இத்தாலிச் சப்பாத்து என்று இங்கே விற்கிறார்களே, அதைப் போட்டுக்கொண்டு இதற்குப் பக்கத்தில் நடக்க உனக்கு வெட்கமாயிருக்கும்,” என்றாள்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு மார்லின் ஊருக்குப் போகும்போது றீற்றா தன் இரண்டு பாதங்களையும் மண்ணிறக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்துக் கொடுத்துவிட்டாள். இரண்டு காலுக்கும் இரண்டு கடதாசி. பெயர் எழுத நினைக்கவில்லை, விளக்கம் எழுத வெட்கமாயிருந்தது. தைமாதம் மார்லின் திரும்பி வந்து ஒரு பெரிய பையைக் கொடுத்தாள். உள்ளே இரண்டு சோடிச் சப்பாத்து. ஒன்று ஆறாம் சைஸ், மற்றது எட்டாம் சைஸ்.

இரண்டு பெண்களுடைய கால்கள் என்று ஜோ நினைத்திருக்கிறார். தாய்க்கும் மகளுக்கும் என்று. சின்னச் சோடியில் வார் நுனியில் ஒரு சின்னப் பூக்கூட வெட்டியிருந்தது, இளம் பிள்ளைக்கு என்று.

றீற்றா கட்டிலில் இருந்து சின்னதில் இடதையும் பெரியதில் வலதையும் போட்டுப் பார்த்தாள். தோல் பாதத்தைப் பிடித்த விதம் அவளுக்குப் புதிது. கடைச் சப்பாத்து ஒன்றுகூட இப்படிக் காலைத் தெரிந்துகொண்டு பிடித்ததில்லை. எழும்பி நடந்தாள். கட்டைக் கால் கட்டையாகத்தான் இருந்தது. மிஞ்சிய இரண்டும், ஒன்று பூவோடும் ஒன்று பூ இல்லாமலும், கட்டிலில் கிடந்தன. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய கூட்டத்தோடு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

மார்லினிடம் உண்மையைச் சொல்ல இன்னும் ஒரு கிழமை எடுத்தது. மார்லின் அன்றே ஊருக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுநாள் வந்து, “ஜோ சொல்கிறது என்னவென்றால், காலைப் பார்த்தால் போதாதாம். நடையைப் பார்க்க வேண்டுமாம். ஈஸ்டருக்கு நான் போகிறேன், நீயும் வா,” என்றாள்.

றீற்றாவிடம் கனடா பாஸ்போர்ட் இருந்தது. எடுத்து மூன்று வருஷம், ஒரு முத்திரைகூட விழவில்லை. எட்வேட்டிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“என்னப்பா, உமக்கு விசரோ? ஊருக்குப் போகேலாது, சரி. வேளாங்கண்ணிக்குப் போம், மடுமாதாவுக்கு வைச்ச நேத்தியை அங்கை குடும். லூர்துக்குப் போம். சப்பாத்து வாங்க ஆராவது பிளேன் ஏறுவினமோ?”

“எனக்கும் அதுதான் விளங்கேல்லை,” என்றாள் றீற்றா. “ஆனால் போகவேணும் போலக் கிடக்கு.”

எட்வேட் தட்டைத் திரும்ப இழுத்து, “அங்கை வெயிலாம். தொப்பி ஒண்டு கொண்டு போம்,” என்றான்.

செய்தி கோவிலில் பரவியது. பரவும்போது ட்ரினிடாட் என்பது ட்ரிங்கோவாகிவிட்டது. றீற்றா திருகோணமலைக்குப் போகிறாளாம், இந்தச் சண்டைக்குள், அந்தக் காலோடு, தனியாக. குணவதி அன்ரி தொலைபேசியில் அழுதே விட்டார். அதை ஒருமாதிரித் தெளிவாக்கி வைத்த மறுநாள் பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மேல்மாடியில் இருந்த அமிர்தநாதர், எழுபது வயது, கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். கையில் ஒரு பார்சல்.

“பிள்ளை, நீங்கள் ட்ரிங்கோவுக்குப் போறியளாம். என்ரை தங்கச்சி அங்கை பாலையூற்றிலை இருக்கிறா. ரெண்டு வருஷமாய்க் காயிதம் இல்லை. இதிலை அவவின்ரை பிறஷர் குளிசையும் ஒரு சேலையும் கிடக்கு. பாரமில்லை.”

“அங்கிள், நான் போறது ட்ரினிடாட். அது வேறை நாடு. அமெரிக்காவுக்குக் கீழை, கடலுக்குள்ளை.”

“ஓம், ட்ரிங்கோவும் கடல்தானே.”

“அது வேறை கடல் அங்கிள்.”

அவர் பார்சலைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு அதை யோசித்தார். “அங்கை சண்டை இல்லையோ?”

“இல்லை.”

“அப்ப நல்லது பிள்ளை. கவனமாய்ப் போட்டு வாங்கோ,” என்று சொல்லிப் படியேறிப் போனார். சப்பாத்துக்காகப் போகிறேன் என்று அவரிடம் சொல்லாமல் விட்டது அவளுக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் ஒரு பக்கம் குற்றமாகவும் இருந்தது. அன்றிரவு பயணப் பெட்டி அடுக்கும்போது அந்தப் பார்சல்தான் நினைவில் நின்றது.

ட்ரினிடாட்டின் தலைநகர் போட் ஒவ் ஸ்பெயினில் இறங்கியதும் மார்லின் அவளை முதலில் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தெருவோரம் முழுக்கப் பலகைக் கடைகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் இருந்து தோல் வெட்டிக்கொண்டும், துளை போட்டுக்கொண்டும், வார் பின்னிக்கொண்டும் இருந்தார்கள். வெறும் செருப்பு என்று சொல்ல முடியாது. பித்தளை வளையம் வைத்தது, மூன்று நிறத் தோல் சேர்த்தது, கணுக்கால் வரைக்கும் சுற்றிக் கட்டுவது. மார்லினுடைய சப்பாத்து ஏதோ அதிர்ஷ்டத்தில் அமைந்த ஒன்று என்றுதான் றீற்றா நினைத்திருந்தாள். இங்கே பார்த்தால் வரிசை வரிசையாக. கனடாவில் அல்லவா நல்ல சாமான் கிடைக்கும் என்று சொல்லித்தான் எல்லோரும் ஊரிலிருந்து வந்தோம், பிறகேன் இப்படி ஒன்று அங்கே இல்லை என்று அவள் யோசித்தாள்.

தெருவில் கடலைக்கறியை மெல்லிய ரொட்டிக்குள் வைத்து விற்ற பெண் ஒருத்தி அவளுடைய சின்னம்மாவை உரித்து வைத்ததுபோல் இருந்தாள். அவள் ஏதோ வேகமாகக் கேட்க, றீற்றா யோசிக்காமல் தமிழில், “உறைப்புக் கொஞ்சம் போடுங்கோ” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் தலையாட்டி, ஒரு கரண்டி நிறைய மிளகாய்ச் சட்னியை அள்ளிப் போட்டாள். கண்ணீர் ஓட ஓட றீற்றா அதைச் சாப்பிட்டு முடித்தாள்.

சான் பெர்னாண்டோ ஏற்றமும் இறக்கமுமான ஊர். ஜோவின் கடைக்கு முகவரி கேட்டால், முந்தித் தியேட்டர் இருந்த இடத்துக்கு எதிரே என்றார்கள். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. மார்லினுக்குப் பல்லு நோ என்று அவள் வீட்டில் நின்றுவிட்டாள். றீற்றா தனியாக இரண்டு தரம் தெருவை ஏறி இறங்கி, தோல் மணத்தை வைத்துத்தான் கடையைக் கண்டுபிடித்தாள். உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு கறுத்த பெண், வாயில் இரண்டு ஆணியைக் கடித்துக்கொண்டு, மடியில் ஒரு சப்பாத்தைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். காதில் பெரிய வெள்ளி வளையம்.

“மிஸ்டர் ஜோவைப் பார்க்க வேண்டும்,” என்றாள் றீற்றா.

அந்தப் பெண் ஆணியைத் துப்பினாள். “அவர் செத்து இருபது வருஷம். அவர் என் மாமா. நான் ஜோஸ்லின், என்னையும் ஜோ என்றுதான் கூப்பிடுவார்கள்.” பிறகு றீற்றாவின் காலைப் பார்த்தாள். “ஓ. நீதான் அந்தத் தாயும் மகளும்!”

றீற்றாவுக்கு முகம் சூடேறியது. ஜோ அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. “அதைக் கழற்று,” என்றாள் வைத்தியசாலைச் சப்பாத்தைக் காட்டி. “வெளியில் வந்து நட.”

தெரியாத ஆட்கள் முன்னால் வெறுங்காலோடு அவள் நடந்து முப்பது வருஷம் இருக்கும். சரிவான அந்தத் தெருவில், வெயிலில், ஏறி நடக்கச் சொன்னாள், இறங்கி நடக்கச் சொன்னாள். ஜோ தெருவில் குப்புறப் படுத்து, நாடியை நிலத்தில் வைத்து, றீற்றாவின் பாதம் பதிகிறதைப் பார்த்தாள். கார்க்காரன் ஒருவன் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். ஜோ அசையவில்லை. இந்தப் பெண் நல்ல வேலைக்காரியா, இல்லை தலை கழன்றவளா என்று றீற்றாவால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

உள்ளே வந்து ஜோ ஒரு கடதாசியை விரித்தாள். “சரி. உனக்கு என்ன பிடிக்கும்?”

“காலுக்கு அளவாயிருந்தால் போதும்.”

“அது என்னுடைய வேலை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு என்ன பிடிக்கும்?”

ஊரில் உள்ள எல்லோருக்கும் நிறம் தெரிவு செய்து கொடுத்தவள் றீற்றா. அவளுடைய காலை வைத்து அந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நோகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இறுக்குகிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஜோ இரண்டு படம் வரைந்து காட்டினாள். ஒன்று கணுக்காலை மூடுகிற சப்பாத்து. ஓர் அங்குலத்தையும் உள்ளுக்குள்ளேயே மறைத்துவிடலாம், வெளியில் பார்க்க இரண்டும் ஒன்று. மற்றது வார் வைத்த திறந்த சப்பாத்து. அதில் உயரத்தை மறைக்க முடியாது. இடது அடியில் தோலைத் தகடு தகடாக அடுக்கி ஒட்ட வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். “மறைக்கவும் செய்வேன், காட்டவும் செய்வேன். மறைத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். காட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள், ஆனால் அழகாயிருப்பதால் பார்ப்பார்கள். எது?”

“நீயே சொல்லு.”

“கால் என்னுடையது இல்லையே.”

மூன்று நாள் றீற்றா அந்த இரண்டு படத்தையும் கையில் வைத்துக்கொண்டு மார்லினுடைய அம்மா வீட்டு முற்றத்தில் இருந்தாள். காலையில் மறைப்பது சரியென்று படும். மத்தியானம் மற்றது. வாழ்நாள் முழுக்க மறைத்தாயிற்று, இனி ஏன் என்று தோன்றும். இருபத்தாறு வாங்கு நினைவு வந்ததும் திரும்ப மறைக்கத் தோன்றும். மார்லினைக் கேட்டாள். காட்டு என்றாள். எட்வேட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். “உமக்கு எது நோகாதோ அதைச் செய்யும்,” என்றான். செரீனாவைக் கேட்டாள்.

“அம்மா, வாட்எவர் யூ வோன்ற். ஆனால் அந்தக் கறுப்புச் சப்பாத்து மட்டும் வேண்டாம் பிளீஸ்.”

ஒருவரும் உதவவில்லை. நான்காம் நாள் கடைக்குப் போய், மறைப்பதைச் சொல்ல வேண்டும் என்று உறுதியாக நினைத்துக்கொண்டு வாசலில் ஏறினாள். ஜோ தோல்களை மேசையில் விரித்து வைத்திருந்தாள். அவற்றுக்குள் ஒரு பச்சை இருந்தது, முற்றின மாவிலைப் பச்சை. றீற்றாவின் கை தானாகப் போய் அதைத் தொட்டது. கலியாணத்துக்கு எடுத்து வைத்த சேலை கத்தரிப்பூ நிறம், தங்கக் கரை. இதைவிட அதற்கு எடுக்கிற நிறம் உலகத்தில் இல்லை. இந்தப் பச்சையில் கணுக்கால் மூடிய சப்பாத்து செய்தால் பொலிஸ்காரனுடையது போல இருக்கும்.

“திறந்தது,” என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாயிருந்தது. “வாரை மூன்றாகப் பின்னு. பித்தளைக் கொளுவி சின்னதாயிருக்கவேணும். அடித் தோலை ஒரு வெளிர், ஒரு கடுமை என்று மாறி மாறி அடுக்கு. வலது காலிலும் அதே கோடுகள் மெல்லிசாய் வரட்டும், அப்பத்தான் ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.”

ஜோ பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினாள். “இப்போதுதான் எனக்கு வேலை தந்திருக்கிறாய்,” என்றாள்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் சப்பாத்து கைக்கு வந்தது. றீற்றா போட்டுக்கொண்டு எழும்பி நின்றாள். நின்றதும் பக்கத்து மேசையைப் பிடித்தாள். தரை சரிந்துவிட்டதுபோல் இருந்தது. உண்மையில் சரிந்திருந்தது அவள்தான், நாற்பது வருஷமாக. இப்போது நேராகிவிட்டதை உடம்பு நம்ப மறுத்தது. “இரண்டு மாதம் இடுப்பு உன்னோடு சண்டை பிடிக்கும்,” என்றாள் ஜோ. “விடாதே.”

இடுப்பு பிடித்த சண்டை இரண்டு மாதத்தில் முடியவில்லை. மல்வேர்ன் அப்பார்ட்மென்டின் நீட்டு நடை ஓடையில் ஒவ்வொரு பின்னேரமும் அங்குமிங்கும் நடந்தாள். முதுகு நொந்தது, தொடை நொந்தது, ஒரு காலமும் நோகாத வலது கால் நொந்தது. பத்துத் தரமாவது பழைய கறுப்புச் சப்பாத்தைத் தேடி எடுத்துப் போட்டாள். அது இப்போது வேறொருவருடையது போல் இருந்தது. இதுவும் இன்னும் தன்னுடையதாகவில்லை. ஒருநாள் வேலையால் வந்து கதவைத் திறந்து உள்ளே போகிறாள், அறைக்குள் படுத்திருந்த எட்வேட், “ஆர் அது?” என்று கத்திக்கொண்டு எழும்பி வந்தான். அவளைக் கண்டதும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். “நடைச் சத்தம் வேறை ஆற்றையோ மாதிரிக் கிடந்தது,” என்றான். அதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா என்று றீற்றா அன்றிரவு முழுக்க யோசித்தாள்.

ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை. கோவில் வாசலில் செரீனா நடுவில், எட்வேட் வலப்பக்கம், றீற்றா இடப்பக்கம். ஓர்கன் தொடங்கியது. இருபத்தாறு வாங்கிலும் ஆட்கள் திரும்பினார்கள். றீற்றா நடந்தாள். எப்படி நடந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முன்வாங்கு வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். வாங்குகளுக்கு நடுவே போகிற அந்த ஓடையால், ஆட்கள் நிறைந்த கோவிலுக்குள் அவள் ஒருநாளும் நடந்து வந்ததில்லை. செரீனா அவள் முழங்கையைப் பிடித்து மெல்லத் தள்ளி, “லெஃப்ற் அம்மா, லெஃப்ற்” என்றாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். சேலையைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. “றீற்றாக்கா, உது எங்கை எடுத்தது?” என்று காலைக் காட்டித்தான் கேட்டார்கள். இராஜேஸ்வரி என்ற பெண் குனிந்து இருந்து, அடியில் அடுக்கின தோலை விரலால் தொட்டுப் பார்த்து, “உந்தக் கோடுகள் நல்ல வடிவு. ஒரு பக்கம் கூட்டியும் மற்றப் பக்கம் குறைச்சும் வைக்கிறதோ இப்பத்தையிலை ஃபாஷன்?” என்று கேட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கலியாண வீடியோ வந்தது. எட்வேட் கசெற்றைப் போட்டான். கோவில் வாசல், செரீனா, எட்வேட். மற்றப் பக்கத்தில் கத்தரிப்பூச் சேலையில் ஒரு பெண் நிமிர்ந்து வந்துகொண்டிருந்தாள். றீற்றா தன் அக்கா என்று நினைத்தாள். அக்கா இந்தியாவில் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வர ஒரு நிமிஷம் பிடித்தது.

“திரும்ப ஓட விடுங்கோ.”

எட்வேட் பின்னால் சுற்றி ஓட விட்டான். மூன்று தரம் பார்த்தார்கள்.

“நீர்தான்,” என்றான் அவன்.

“பாக்க அப்பிடித்தான் கிடக்கு,” என்றாள் றீற்றா.

கார்த்திகையில் முதல் பனி விழுந்தபோது பச்சைச் சப்பாத்தைப் பெட்டியில் வைக்க வேண்டியதாயிற்று. கறுப்பை எடுத்துப் போட்டாள். ஒரே கிழமையில் இடுப்பு அதற்கும் சண்டை பிடித்தது. மேசையில் இருந்து, செரீனா விட்டுப் போன கலர் பென்சில்களை எடுத்து, பனிக்காலத்துக்கு ஒரு சப்பாத்தைத் தானே வரைந்தாள். கடும் மண்ணிறம், முழங்காலுக்குக் கீழே வரைக்கும், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பின்னல். எங்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. ஜோவுக்கு அனுப்பினாள்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. படம் நல்லாயிருக்கிறதாம், தோல் எடுத்து வைத்துவிட்டாளாம். ஆனால் ஜோ வாழ்நாளில் பனியைக் கண்டதில்லை. மூன்று கேள்வி எழுதியிருந்தாள். பனி எவ்வளவு ஆழத்துக்கு இருக்கும்? தெருவில் உப்புப் போடுவார்கள் என்று மார்லின் சொல்கிறாள், ஏன், அது தோலைத் தின்னாதா? அந்த ஐஸின் மேல் நீங்கள் எல்லோரும் எப்படித்தான் நடக்கிறீர்கள்?

றீற்றா அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்ப் பனியை அளந்து வந்து முதல் கேள்விக்குப் பதில் எழுதினாள். உப்பைப் பற்றி எட்வேட்டைக் கேட்டு எழுதினாள். மூன்றாவது கேள்விக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டு யன்னலடிக்குப் போய் நின்றாள். பஸ் தரிப்பில் ஆட்கள் கையை விரித்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் ஒவ்வொரு பக்கம் சரிந்துதான் நடந்தார்கள். கன நேரம் பார்த்தாள். திரும்பி வந்து, “அது எங்களுக்கும் தெரியாது” என்று எழுதி உறையை ஒட்டினாள்.